நாகமரையில் பரிசலை நிரந்தரமாகக் கட்டி வைக்க இடம் கிடைக்குமா?

4 பிப்ரவரி 2024, வாசகர் கேள்வி

தர்மபுரியில வேலை. நாகமரைப் பக்கம் ரெண்டு ஏக்கர் கொல்லை வாங்கியிருக்கேன். சொந்தமா ஒரு பரிசல் வாங்கி ஆத்தோரமா நிரந்தரமா விட்டு வைக்கணும்னு ஆசை. காசியில படித்துறைக்குப் படித்துறை படகு கட்டிக் கிடக்குதே, அந்த மாதிரி மேட்டூர் தண்ணியில ஒரு இடம் கிடைக்காதா? வாடகை எவ்வளவு, யாரைக் கேக்கணும்?

5 பிப்ரவரி 2024

கிடைக்காது. யாரும் தர மாட்டார்கள் என்பதல்ல, அப்படியொரு இடமே அங்கே கிடையாது. 2019இலிருந்து அதே கரையில் பரிசல் வைத்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

நீங்கள் ஆறு என்று எழுதியிருக்கிறீர்கள். ஒகேனக்கல்லைத் தாண்டிக் கீழே வந்த பிறகு காவிரி நம் பக்கம் ஆறாக இருப்பது சில மாதங்கள்தான். மற்ற மாதங்களில் அது மேட்டூர் அணையின் பின்தண்ணீர். அணையின் முழு உயரம் 120 அடி. நிறைந்தால் 153 சதுர கிலோமீட்டர் பரப்புக்குத் தண்ணீர் நிற்கும். போன அக்டோபர் 10ஆம் தேதி பாசனத்துக்குத் திறப்பதை நிறுத்தியபோது 30 அடியை ஒட்டி இருந்தது. இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில் நாகமரைக் கரை எங்கே போனது என்று நேரில் பார்த்தால் உங்களுக்கே தெரியும். ஆடியில் கால் நனைத்த இடத்திலிருந்து தண்ணீரைத் தேடி நடக்க வேண்டும். இன்றைக்கு முளையடித்து பரிசலைக் கட்டினால் அடுத்த மாதம் அது மேட்டில் கிடக்கும், இல்லாவிட்டால் ஆழத்தில் கிடக்கும்.

என் பக்கத்துச் சரிவில் தண்ணீர் ஓர் அடி இறங்கினால் கரை பதினைந்து நடை தள்ளிப் போகிறது. அதை வைத்து நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

5 பிப்ரவரி 2024, இரவு

யாரைக் கேட்க வேண்டும் என்பதற்குப் பதில் சொல்ல மறந்துவிட்டேன். அக்கரைப் பண்ணவாடிக்கு விசைப்படகு போகும் துறையில் கட்டக் கூடாது. அது ஏலம் விடுகிற துறை. எடுத்தவர்கள் பைக்கையும் ஆளையும் ஏற்றி இறக்கும் இடத்தில் நம் பரிசல் கிடந்தால் அவர்கள் தொழிலுக்கு இடைஞ்சல். வலை போடுகிற எண்ணம் இருந்தால் மீன்வளத் துறை உரிமம் வேண்டும், சும்மா போய் வீசிவிட்டு வர முடியாது. வெறுமனே அக்கரை போய்வரத்தான் என்றால், கேட்க வேண்டியது அலுவலகத்தை இல்லை, கரையில் தினமும் இறங்குகிற ஆட்களை.

18 பிப்ரவரி 2024

காசியைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அது இரண்டு வாரமாக மனசிலேயே இருக்கிறது. 2017இல் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். பாரதி இளமையில் இருந்த ஹனுமான் காட் பக்கம் தங்கினோம். அம்மா கேதார் காட்டில் குளித்துக்கொண்டிருக்க, நான் படகுக் கயிறுகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எண்பது சொச்சம் படித்துறை. அத்தனையும் கல் படி. கங்கை மழைக்காலத்தில் ஏறினால் படகுக்காரர் கயிற்றை அவிழ்த்து மேல்படிக்கு மாற்றுகிறார். வெள்ளம் கூடினால் படகே ஓட்டக் கூடாது என்று நிறுத்திவிடுகிறார்கள். குளிரில் தண்ணீர் இறங்கினால் அவரும் படிப்படியாக இறங்கி வருகிறார். அந்தப் படிகளைக் குளிக்கக் கட்டினார்கள், கும்பிடக் கட்டினார்கள், சரி. ஆனால் படகு வைத்திருப்பவனுக்கு அது தண்ணீரோடு ஏறி இறங்குகிற ஏணி.

நம் கரையில் படி ஏது? 1934இல் அணை திறந்தபோது பழைய ஆற்றங்கரையோடு கோயிலும் துறையும் ஊரும் சேர்ந்து உள்ளே போய்விட்டன. அக்கரை பண்ணவாடியில் கோடையில் தலைகாட்டுகிற ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியையும் பழைய கிறிஸ்தவ ஆலயத்துக் கோபுரத்தையும் பார்த்திருப்பீர்கள். நம் பழைய கரை அந்த ஆழத்தில்தான் இருக்கிறது. இப்போது நாம் கரை என்று சொல்வது ஒரு காலத்தில் யாரோ ஒருவருடைய கொல்லை, மேய்ச்சல் மேடு.

10 மார்ச் 2024

"தண்ணி இறங்க இறங்க பரிசலையும் கீழ இழுத்துக்கிட்டே போனா என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள். போகலாம், நானும் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் அங்கே காலி நிலம் என்று ஒன்று இல்லை. தண்ணீர் விலகிய வண்டலில் ஈரம் காய்வதற்குள் ஏர் பூட்டிவிடுவார்கள். சோளம், எள், கம்பு எதுவானாலும் உரமே இல்லாமல் நன்றாக வரும். பட்டா கிடையாது. இருந்தாலும் எது யார் பாத்தி என்று கரையில் எல்லாருக்கும் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் ஒரு ஞாயிறு விட்டு மறு ஞாயிறு போனபோது என் பரிசலைச் சுற்றி வட்டமாக உழுதிருந்தார்கள். பரிசலைத் தொடவில்லை. நடுவில் கோயில் மேடை மாதிரி அது மட்டும் நின்றது. உழுத அக்காவிடம் போய், "மன்னிச்சுக்கோங்க, தெரியாம வெச்சிட்டேன்" என்றேன். "எடுத்துட்டுப் போங்க தம்பி, முளைச்சதுக்கு அப்புறம் இழுத்தா பயிரு போயிரும்" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து கீழே இறக்குவதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன்.

2 ஏப்ரல் 2024

எந்தப் பரிசல் வாங்குவது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இடத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மூங்கில் பரிசல் என்பது அடிப்படையில் ஒரு பெரிய கூடை. முற்றின மூங்கிலைத் தப்பையாகப் பிளந்து, நடுவிலிருந்து நட்சத்திரம் மாதிரி பரப்பிப் பின்னி, ஓரத்தை மேலே மடக்கி விளிம்பு கட்டுவார்கள். அந்தக் காலத்தில் அடியில் எருமைத் தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் படுதாவை இழுத்துத் தைத்து, மேலே தார் பூசுகிறார்கள். அடி தட்டை. பாறைக்கு மேல் நாலு விரல்கடை தண்ணீர் இருந்தாலே போகும், ஒகேனக்கல்லில் அது பிழைத்து வந்ததே அதனால்தான். அதே தட்டை அடிதான் நம் விரிந்த தண்ணீரில் அதற்குப் பலவீனம். காற்று தள்ளுகிற பக்கம் போகும், துடுப்பை நிறுத்தினால் சுற்றும். ஆளில்லாமல் மிதக்க விட்டால் ஆடிக்காற்று விளிம்பைப் பிடித்துக் கவிழ்த்துவிடும்.

கரையில் வைத்தால் வேறு தொல்லைகள் வரும். வெயிலில் தார் உருகும், படுதா வெடிக்கும். மண்ணில் கவிழ்த்துப் போட்டால் பதினைந்து நாளில் கறையான் ஏறும். நாலு கல் வைத்து அதன்மேல் கவிழ்க்க வேண்டும். மூங்கிலைத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்காமல் பின்னியிருந்தால் உள்ளிருக்கும் மாவுச்சத்துக்காக வண்டு துளைத்து ஒரே வருஷத்தில் உளுத்துப்போகும், விளிம்பைத் தட்டினால் மாவு கொட்டும். தேய்பிறையில் வெட்டின மூங்கில் உளுக்காது என்று சொல்வார்கள். நான் இரண்டும் வாங்கியிருக்கிறேன். ஊறப்போட்டதுதான் நின்றது.

ஃபைபர் பரிசல் வேண்டாம் என்பது என் கருத்து. ஓட்டை விழுந்தால் நம் கையால் எளிதாக அடைக்க முடியாது. மூங்கில் என்றால் ஒரு தப்பை, ஒரு துண்டு படுதா, ஒரு கரண்டி தார் போதும்.

3 ஏப்ரல் 2024

நேற்று விட்டுப்போனது. உயிர்க்காப்புச் சட்டை வாங்காமல் பரிசல் வாங்காதீர்கள். நீச்சல் தெரியும் என்பவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நாகமரைக்கும் பண்ணவாடிக்கும் நடுவில் காற்று கிளம்பினால் நீச்சல் எதற்கும் உதவாது.

26 மே 2024

பிப்ரவரியில் நான் எழுதிய பதினைந்து நடைக் கணக்கு தவறு. தவறு என்றால், மேல் சரிவுக்கு மட்டும் அது சரி. இந்தக் கோடையில் தண்ணீர் இன்னும் கீழே போனதும் அளந்து பார்த்தேன். அங்கே நிலம் தட்டு மாதிரி கிடக்கிறது, ஓர் அடிக்கு நாற்பது நடைக்கு மேல் போகிறது. அதாவது ஏறும்போதும் அதே வேகத்தில் ஏறும். ஓர் இரவில் தண்ணீர் ஐந்து அடி கூடினால் இருநூறு நடை. இதை நம்பி யாராவது இடம் பார்த்திருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

கரையில் எனக்குப் பரிசல் பார்த்துக்கொள்ளும் மாமா ஒருவர் இருக்கிறார். சொந்தம் இல்லை, அப்பாவுக்குப் பழக்கம், அதனால் மாமா. கணக்கைச் சொன்னதும், "நடையில அளக்காத கண்ணு, பொழுதுல அள" என்றார். முழுசாகப் புரியவில்லை. கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

19 ஜூலை 2024

கபினியிலும் கிருஷ்ணராஜசாகரிலும் திறந்துவிட்டார்கள். எல்லையில் காவிரித் தண்ணீரை அளக்கிற பிலிகுண்டுலுவில் வரத்து ஏறிக்கொண்டே இருக்கிறது. ஒகேனக்கல்லில் பரிசல் நிறுத்திவிட்டார்கள். எனக்கு தர்மபுரியில் சனிக்கிழமையும் வேலை. ஞாயிறு போய் மேலே ஏற்றிவிடலாம்.

31 ஜூலை 2024

பரிசல் போய்விட்டது.

ஜூலை நடுவில் அணை 50 அடிக்குக் கீழே இருந்தது. நேற்று 120 நிறைந்தது. ஒரு நாளைக்கு ஐந்தடி, ஆறடி என்று ஏறியிருக்கிறது. நான் பரிசலைத் தண்ணீர் ஓரத்திலிருந்து முப்பது நடை மேலே கவிழ்த்து, காற்றுக்குப் பறக்காமல் இருக்கட்டும் என்று வெட்டிய சீமைக்கருவேல முளையில் நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தேன். முப்பது நடை ஒரு இரவுக்குக்கூடத் தாங்கவில்லை. நான் 21ஆம் தேதி ஞாயிறு போய் நின்றபோது முளையும் தெரியவில்லை, பரிசலும் தெரியவில்லை. சேற்றுத் தண்ணீர், நுரை, மிதந்து வந்த கட்டைகள். அந்த இடம் எது என்றுகூட என்னால் கைகாட்ட முடியவில்லை.

மாமா அந்த வாரம் கொளத்தூரில் மகள் வீட்டில் இருந்தார். பேத்திக்கு விசேஷம். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வெள்ளிக்கிழமையே வரத்தைப் படித்துவிட்டு ஞாயிறு வரை காத்திருந்தவன் நான்.

3 ஆகஸ்ட் 2024, ஆடி 18

இன்று மாமாவைப் பார்த்தேன். கரையெல்லாம் முளைப்பாரியும் மாவிளக்கும் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இறங்கிக் குளிக்க யாரையும் விடவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், அப்போதிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

"கட்டாம விட்டிருந்தா வந்திருக்கும் கண்ணு."

ஆடியில் காற்று மேற்கிலிருந்து வரும். நாகமரை கிழக்குக் கரை. அவிழ்ந்து மிதக்கிற எதுவும் நம் பக்கம்தான் ஒதுங்கும், எருக்கிலிருந்து பிளாஸ்டிக் குடம் வரை. மூங்கிலும் படுதாவும் தானாக மூழ்காது. கவிழ்ந்த பரிசலுக்குள் அடைபட்ட காற்றும் அதைத் தூக்கித்தான் பிடிக்கும். தண்ணீரோடு ஏறி ஏறி அலை தள்ளத் தள்ள எங்காவது கருவேலங்காட்டு ஓரத்தில் செருகியிருக்கும். பார்த்தவர்கள் மேலே இழுத்துப் போட்டிருப்பார்கள். இந்தக் கரையில் எவருடைய பரிசல் எது என்று தார் பூச்சைப் பார்த்தே சொல்வார்கள். என் நைலான் கயிறுதான் அதைக் கீழே பிடித்து வைத்துக்கொண்டது. விளிம்பு சாய்ந்து காற்று வெளியேறி, அது இப்போது முளையோடு ஆழத்தில் இருக்கிறது.

ஐந்து வருஷமாகக் கட்டுமிடம், கட்டுமிடம் என்று தேடினேன். முதல் கேள்வி கேட்டவருக்கும் இடம் இல்லை என்றுதான் பதில் சொன்னேனே தவிர, கட்டக் கூடாது என்று சொல்லத் தெரியவில்லை. மே மாதம் மாமா பொழுதில் அள என்றதும் இப்போதுதான் புரிகிறது. எத்தனை நடை தூரத்தில் வைக்கிறோம் என்பதில் ஒன்றும் இல்லை. விடிந்ததும் ஒரு தடவை, பொழுது சாய ஒரு தடவை யாராவது வந்து பார்க்கிறார்களா என்பதுதான் கணக்கு.

4 ஆகஸ்ட் 2024

எதிர்க்கேள்வி ஒன்று வந்திருக்கிறது: "பண்ணவாடிப் பக்கம் மிதக்கவே விட்டிருக்காங்களே?" ஆமாம். அது மேற்குக் கரை, ஆடிக்காற்று அவர்களுக்கு முதுகுப்பக்கம் இருந்து வருகிறது, கரையோரத்தில் அலை குறைவு. அங்கே கயிறு அவிழ்ந்தால்தான் ஆபத்து, நேராக நம் கரைக்கு வந்துவிடும். ஒரே தண்ணீர்தான். இரண்டு கரைக்கும் ஒரே யோசனை பொருந்தாது.

கிருஷ்ணகிரி அணையில் வைக்கலாமா என்று கேட்டவருக்கு: தென்பெண்ணை, 52 அடி அணை, இந்த அளவு ஏற்ற இறக்கம் இல்லை. ஆனால் நான் அங்கே பரிசல் வைத்ததில்லை, அங்கே மீன் பிடிக்கிறவர்களைக் கேளுங்கள்.

13 அக்டோபர் 2024

புதுப் பரிசல் வந்துவிட்டது. மூங்கில்தான். வாங்குவதற்கு முன்னால் ஃபைபரை உண்மையாகவே யோசித்தேன். ஏப்ரலில் வேண்டாம் என்று அடித்துச் சொன்னதைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். மாதம் ஒரு தடவை மட்டும் வருகிறவருக்கு ஃபைபர் சரி. கறையான் இல்லை, தார் வேலை இல்லை. வாரம் ஒரு தடவை கையை அழுக்காக்க முடியும் என்றால் மூங்கில். எனக்கு அந்தத் தார் வாசனை வேண்டும். அப்பா கையில் அது எப்போதும் இருக்கும்.

ஏற்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். மாமா வீடு, உழவு அக்கா வீடு, நான், மூன்று வீட்டுப் பரிசலும் சேர்ந்தே கிடக்கும். 120 அடி நிறைந்தாலும் நனையாத மேட்டில் ஒரு புளியமரம், அதன்கீழ் ஆளுக்கு நாலு கருங்கல். அதுதான் வீடு. தண்ணீர் இறங்குகிற மாதங்களில் மூன்றும் ஒன்றாகக் கீழே போகும். கீழே கட்டுவது கிடையாது, கவிழ்த்து மேலே ஒரு பாறாங்கல் வைப்பதோடு சரி. காலையில் யார் முதலில் இறங்குகிறார்களோ அவர்கள் மூன்றையும் பார்த்து, வேண்டுமானால் மேலே இழுப்பார்கள். நான் தர்மபுரியில் இருக்கிறேன், காலையில் இறங்க முடியாது. அதனால் மூன்று பரிசலுக்கும் வருஷத்துக்குப் படுதாவும் தாரும் என் பொறுப்பு. முன்னால் மாமாவுக்கு மாதம் ஐந்நூறு ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது வாங்க மாட்டேன் என்கிறார். "உன்னோடது ஒண்ணத் தனியா பாத்தாத்தானே கூலி" என்கிறார்.

2 ஜனவரி 2025

வருஷக் கடைசியில் அணை மறுபடியும் நிறைந்தது. பரிசல்கள் புளியமரத்தடியில். எனக்குச் செய்தி தெரிவதற்கு முன்னாலேயே ஏற்றிவிட்டிருந்தார்கள்.

16 மார்ச் 2025

என் பரிசலை யாரோ இரவில் எடுத்துப்போய் வலை இழுத்துவிட்டுத் திரும்ப வைத்திருக்கிறார்கள். உள்ளே மீன் செதிள். பூட்டுப் போடலாமா என்று இங்கே எழுத வந்தேன், எழுதும்போதே மனசு மாறிவிட்டது. பூட்டினால் அதுவும் ஒரு கயிறுதான். வெள்ளம் வருகிற இரவில் சாவி தர்மபுரியில் இருக்கும். எடுத்தவர் கல்மேல் சரியாகக் கவிழ்த்து வைத்திருக்கிறார், துடுப்பையும் உள்ளே செருகியிருக்கிறார். மாமாவிடம் சொன்னேன். யார் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அடுத்த ஞாயிறு அக்கா வீட்டில் களியும் கெண்டைக் குழம்பும் கிடைத்தது. நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

30 ஜூன் 2025

நேற்று 120 நிறைந்துவிட்டது, இந்த வருஷம் ஜூனிலேயே. மாமா காலை ஆறு மணிக்கு போன் செய்து, "மூணும் மேல இருக்கு, நீ அவசரப்பட்டு வராத" என்றார். பழைய முளை இருக்கும் இடத்துக்கு மேல் இப்போது அறுபது எழுபது அடி தண்ணீர் நிற்கும். போன ஆடிக்குப் பிறகு அது ஒரு தடவையும் வெளியே தெரியவில்லை.

முதல் கேள்வி கேட்டவர் நேற்று எழுதியிருக்கிறார். பரிசல் வாங்கிவிட்டாராம், மூங்கில், ஊறப்போட்டதுதானாம், இப்போது கொல்லைக் கொட்டாயில் சாத்தி வைத்திருக்கிறாராம். சாத்தி வைக்காதீர்கள், விளிம்பு கோணிக்கொள்ளும். வருகிற ஞாயிறு நான் அங்கே இருப்பேன். பென்னாகரத்தில் நாகமரை பஸ் ஏறி கடைசி நிறுத்தத்தில் இறங்கி, புளியமரத்தைக் கேளுங்கள். நாலாவது பரிசலுக்கு இடம் உண்டு, மாமாவிடமும் அக்காவிடமும் கேட்டுவிட்டேன். கருங்கல் அங்கேயே கிடக்கிறது. தார் ஒரு டின் மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.